சாட்சி சொல்லப் போகும் முன்

1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த சக தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் மாஞ்சோலை மலை எஸ்டேட் தொழிலாளர்கள் திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரிக்க நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட நாளில் ஆற்றங்கரையில் நின்ற ஒருவர் பிறகு சாட்சி சொல்ல வந்தால், அவரது நினைவு எவ்வளவு கைகொடுக்கும்?

உயிர்ப் பயத்தில் கவனம் குறுகிவிடுகிறது. தலைக்கு மேல் ஓங்கிய தடி மனதில் பதியும். அதைப் பிடித்தவரின் முகம் பதியாமல் போகலாம். எது முன், எது பின், எத்தனை நிமிடம் என்பதும் குழம்பும். போதாததற்கு, நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை அந்த நிகழ்வை மறுபடி கட்டி எழுப்புகிறது. அப்போது பிறர் சொன்னதும் உள்ளே நுழையும்.

1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மருடன் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார். ‘இடித்தபோது என்ன வேகம்?’ என்று 50 பேரிடமும், ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்?’ என்று 50 பேரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. அதுபோலவே, ஊர்வலத்தைப் பார்த்த சாட்சியிடம் கேட்கும் ‘கல்லெறிந்தது யார்?’ என்ற கேள்வி, கல் விழுந்ததைப் பார்க்காதவர் மனதிலும் ஒரு கல்லை வைத்துவிடக்கூடும். ‘என்ன பார்த்தீர்கள்?’ என்பதே நேர்மையான கேள்வி.

2003இல் பியோனா கேபர்ட் குழுவினர் ஒரே சம்பவத்தை இருவருக்கு வெவ்வேறு கோணத்தில் காட்டி, பேசிக்கொள்ள விட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதத்தினர், தாங்கள் பார்க்காமல் பேச்சில் மட்டும் கேட்ட ஒன்றையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். எஸ்டேட்டின் சுவரோடு சுவர் ஒட்டிய லயன் வீடுகளில் துக்கத்தைப் பேசாமல் இருக்க முடியாது, பேசவும் வேண்டும். ஆகவே பேசுவதற்கு முன்பே, அவரவர் கண்டதைத் தனித்தனியே எழுதிவைப்பது நல்லது. எழுதத் தெரியாதவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதித்தர ஒருவர் வேண்டும்.

குறிப்பு எழுதிவைப்பதைச் சட்டமும் ஏற்கிறது. சம்பவத்தின்போதோ, நினைவு மங்கும் முன்போ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடமளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. எதிர்த்தரப்பு அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்பதால் அதில் இட்டுக்கட்டல் கூடாது.

எனவே தயாராவது என்றால் கதையை மனப்பாடம் செய்வதல்ல. குறிப்பைப் படிப்பது, நின்ற இடத்தை நினைவில் கொண்டுவருவது, கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரிப்பது. குறுக்கு விசாரணையில் கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். ‘தெரியாது’, ‘நினைவில்லை’ என்பவையும் முழுமையான பதில்களே.

சாட்சிக்குப் புகைப்படம் போன்ற நினைவாற்றலை எதிர்பார்க்க முடியாது, சில்லறை முரண்பாடுகளுக்காகச் சாட்சியத்தையே தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இல், பர்வாடா போகின்பாய் வழக்கில் சொன்னது. அரசை எதிர்த்துச் சாட்சி சொல்ல மலையிலிருந்து இறங்கி வரும் தொழிலாளிக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை. நேரத்தைத் தவறாகச் சொன்னார் என்பதற்காக அவரைப் பொய்யர் ஆக்குவது அறிவியலுக்கும் நீதிக்கும் எதிரானது. தனக்குத் தெரிந்த எல்லையோடு நிற்கும் சாட்சியைத்தான் நீதிமன்றம் அதிகம் நம்ப வேண்டும்.