உங்களுக்குத் தெரியுமா? உற்சவ மேடையில் டால்ஸ்டாய்

லியோ டால்ஸ்டாய் 1886-ஆம் ஆண்டில் எழுதிய ‘இருளின் வலிமை’ என்னும் நாடகம், குடியானவர் வாழ்வின் பாபங்களை மறைக்காது காட்டியமையால், 1895 வரை ருஷ்ய மேடைகளில் தடைப்பட்டுக் கிடக்க, பாரிஸ் நகரத்தாரோ அதனை 1888-லேயே கண்டுவிட்டனர். அந்நாடகமே 1960-களில், கொல்லம் சீமையிற் பிறந்த வி. சாம்பசிவன் என்னும் கதாப்பிரசங்க மேதையின் வாக்கில் ‘அனீஸ்யா’ என்ற நாமம் பூண்டு, கொச்சி உள்ளிட்ட கேரள தேசத்துக் கோயில் உற்சவ மைதானங்களைச் சென்றடைந்தது.

நம் ஹரிகதா காலட்சேபத்தின் வழித்தோன்றலான அக்கலையில் திரையும் இல்லை, வேஷமும் இல்லை. சப்ளாக்கட்டை ஏந்திய ஒருவரே, ஹார்மோனியமும் தபலாவும் துணை நிற்க, கணவனுக்கு நஞ்சூட்டும் அனீஸ்யாவாகவும், அவளை மணந்தபின் அவளுடைய மூத்தாள் மகளையே நாடும் நிகீதாவாகவும், தெய்வபயம் மிக்க கிழவன் அகீமாகவும் மாறி மாறிப் பேசியும் பாடியும் கதையை நடத்துவார். மணவீட்டில் கூடிய ஊரார் முன்னிலையில் நிகீதா தன் குற்றங்களையெல்லாம் ஒப்புக்கொள்ளும் இறுதிக் கட்டம், எதிரே அமர்ந்த ஜனத்திரளையே சாட்சியாக்கிவிடுவதால், மூடிய அரங்கைக்காட்டிலும் இத்தகைய திறந்த வெளிக்கே மிகப் பொருந்துவது என்பது என் திடமான அபிப்பிராயம். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வையும் அம்மேதை இவ்வாறே மலையாள மக்களுக்குச் சொன்னார்.