சக்திமான் சுமையுந்து

மாணவர்களே! பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சாலைகளில் சுமையுந்துகளைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களே வண்டியை உந்துகின்றன. அவை சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். நான்கு சக்கர இயக்க வண்டியிலோ, பொறியின் ஆற்றல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆகவே அது சேற்றையும் மணலையும் எளிதில் கடக்கும்.

இவ்வகையில் புகழ்பெற்றது சக்திமான். செருமனியின் 'மான்' நிறுவன உரிமத்துடன், ஜபல்பூரில் 1959ஆம் ஆண்டு முதல் இந்தியப் படைக்காக இது உருவாக்கப்பட்டது. 'சக்திமான்' என்றால் ஆற்றல் உடையவன் என்பது பொருள். அப்பெயருக்குள் நிறுவனத்தின் பெயரும் ஒலிக்கிறது. 1996இல் உற்பத்தி நின்றது.

படையிலிருந்து நீக்கப்படும் வண்டிகள் ஏலத்தில் விற்கப்படும். அவற்றுள் பல பழைய இரும்பாக உடைக்கப்படுகின்றன. எஞ்சிய வண்டியை வாங்குவோர், அடிச்சட்டத்திலும் பொறியிலும் பொறித்த எண்களை ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். துருவை நீக்கி வண்ணம் பூச வேண்டும். இருபருவமழை பெய்யும் நம் பகுதியில் கூரையின்கீழ் நிறுத்துதல் இன்றியமையாதது. அவ்வப்போது பொறியை இயக்குதலும் வேண்டும். இயக்காத பொறி இறுகிவிடும். பேசாத மொழியும் அவ்வாறே.

சொற்பொருள்: சுமையுந்து – லாரி, பொறி – என்ஜின், அடிச்சட்டம் – சேசிஸ்.

வினா: பழைய வண்டியை வாங்குவோர் எவற்றை ஒப்பிட வேண்டும்? ஏன்?