கடல் கடந்த கடிதங்கள்

தூத்துக்குடிக் கடல் பண்டு தொட்டு முத்துக்குப் பெயர்பெற்றது. அங்கு முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாள்களில், கரை சேர்ந்த சிப்பிகளைப் பல நாள் அழுகவிட்டு, பின்னர் நீரில் அலசி முத்தைத் தேடுவர். சிப்பிகளிற் பெரும்பாலானவை வெறுமையாகவே இருக்கும். ஆயினும் எச்சிப்பியையும் பாராது ஒதுக்கார். அறிவு தேடுவோர்க்கும் இதுவே நெறியாகும். அந்நெறியில் நின்ற ஒருவர் இங்கிலாந்து நாட்டு இயற்கையறிஞர் சார்லசு டார்வின் (1809–1882). அவர்தம் கடிதங்களே அதற்குச் சான்று.

டார்வின் இளமையில், 1831 முதல் 1836 வரை, ‘பீகிள்’ என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். அதன்பின் அவர் தாய்நாட்டை விட்டு அகன்றதே இல்லை. நோய் அடிக்கடி வருத்த, 1842 முதல் டவுன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். எனினும் உலகம் அவர் வீட்டிற்கு வந்தது. அதனைக் கொணர்ந்தவை கடிதங்கள். அவர் எழுதியனவும் பெற்றனவுமாக இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 15,000. அவை 1985 முதல் 2023 வரை 30 தொகுதிகளாக வெளிவந்துள்ளன. பேரறிஞரோடு மட்டுமன்றித் தோட்டக்காரரோடும் புறா வளர்ப்பாரோடும் அவர் கடிதத்தொடர்பு கொண்டிருந்தார். தமக்குத் தெரியாததைப் பிறரிடம் கேட்க அவர் நாணினாரல்லர்.

அத்தகைய கடிதம் ஒன்று நம் சென்னைக்கும் வந்தது. மனிதர் வளர்க்கும் பலவகைப் புறாக்களும் மாடப்புறா ஒன்றிலிருந்தே தோன்றியனவோ என ஆராய்ந்த டார்வின், சென்னை ஆட்சிக்குழுவில் இருந்த வால்ட்டர் எலியட்டுக்கு 1856 சனவரியில் எழுதினார். இந்நாட்டு வளர்ப்புப் பறவைகளின் தோல்களை அனுப்பி உதவ வேண்டினார். எலியட்டும் அவ்வாறே அனுப்பினார். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில், டார்வின் அவர் பெயரைச் சுட்டி நன்றி பாராட்டினார்.

அறிஞர் எனினும் அவரும் ஒரு தந்தையே. 1851இல் பத்து வயது மகள் ஆனி நோயுற்றாள். அவளை வேற்றூரில் மருத்துவத்திற்கு விட்டிருந்தனர். மனைவி எம்மா கருவுற்றிருந்தமையால் உடன் இருக்க இயலவில்லை. மகளின் படுக்கையருகே இருந்து, அவள் உண்டதையும் உறங்கியதையும் டார்வின் நாள்தோறும் மனைவிக்கு எழுதினார். அந்தோ! இறுதியில் அவள் இறந்த செய்தியையும் அவரே எழுத நேர்ந்தது.

1858 சூனில் மலேயத் தீவுகளிலிருந்து வாலசு என்பார் அனுப்பிய கட்டுரையொன்று வந்தது. இருபதாண்டு உழைத்துத் தாம் கண்ட முடிவையே அவரும் கண்டிருந்தார்! அதனை மறைத்திருந்தால் எவர் அறிவார்? டார்வின் மறைக்கவில்லை. தம் புகழ் போகுமே என்று வருந்தினும், வாலசு விரும்பியவாறே அதனை அறிஞர் லையலுக்கு அனுப்பினார். நண்பர் முயற்சியால் இருவர் கருத்தும் 1858 சூலை 1ஆம் நாள் இலண்டன் இலின்னேயக் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பெற்றன. டார்வின் அங்கில்லை; மூன்று நாள்களுக்கு முன்னர்தான் தம் கடைசிக் குழந்தையை இழந்திருந்தார்.

மாணவர்களே! அறியாததைக் கேட்கும் பணிவும், பெற்ற உதவியை மறவாமையும், பிறர் உழைப்பைக் கவராத நேர்மையும் அக்கடிதங்களில் விளங்குகின்றன. சிப்பி பலவற்றுள் கிடைத்த முத்துகள் இவையே.