குட்டிக் கைக்கு ஒரு மின்கித்தார்

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் என் ஒன்பது வயது மகளுக்கு நானே ஒரு மின்கித்தார் செய்தேன். முன்பு வாங்கிக் கொடுத்தது பெரியவர்களுக்கான அளவு. நான்காம் ஃபிரெட்டுக்கு அவள் சுண்டுவிரல் போகவே இல்லை. "எனக்கு வராதுப்பா" என்று மூலையில் வைத்துவிட்டாள். இந்தச் சொல்லை வகுப்பிலும் எத்தனை முறை கேட்டிருப்போம்!

குழந்தைக்குக் கித்தார் என்றதும் பலரும் உடல் பலகையைத்தான் சிறிதாக்க நினைப்பார்கள். அப்படிச் செய்தால் எடை குறையும். ஆனால் விரல் எட்டாது. குறைக்க வேண்டியது தந்தியின் அதிரும் நீளத்தை, அதாவது கழுத்து முனையிலுள்ள நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான தூரத்தை. எங்கள் பழைய கித்தாரில் அது 648 மில்லிமீட்டர். புதியதற்கு 578 எடுத்துக்கொண்டேன். நட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை பழையதில் 134, புதியதில் 119. அந்த 15 மில்லிமீட்டர்தான் அவளுக்குத் தேவைப்பட்டது.

இனி கணக்குக்கு வருவோம். ஃபிரெட் என்பது வேறொன்றுமில்லை, வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான். மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுக்க வேண்டும். 578ஐ வகுத்தால் 32.44; முதல் ஃபிரெட் அங்கே. மீதம் 545.56. அதை வகுத்தால் 30.62, இது இரண்டாவதுக்கான இடைவெளி. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியில், 289இல் வந்து நிற்கும். அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும்.

நான் சறுக்கியதும் இங்கேதான். ஒவ்வொரு ஃபிரெட்டையும் முந்தைய கோட்டிலிருந்து அளந்தேன். கால் மில்லிமீட்டர் பிழைதானே என்று விட்டது, பன்னிரண்டாவதில் 3 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிட்டது. மேலே போகப் போக சுருதி விலகியது. அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாக் கோடுகளையும் நட்டிலிருந்தே அளந்து மறுபடி அறுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உடலுக்கு ஜெலுத்தோங் மரம். இலேசானது, உளிக்கும் எளிது. தந்திகளின் இழுப்பைத் தாங்க வேண்டிய கழுத்துக்கு அது போதாது, கெட்டியான மேப்பிள் வேண்டும். நீளம் குறைந்தால் அதே சுருதியில் தந்தியின் இறுக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். தந்தி தொளதொளவென்று ஃபிரெட்டில் உரசும். 9 கேஜுக்குப் பதில் 10 கேஜ் போட்டால் கிட்டத்தட்ட பழைய இறுக்கம் கிடைக்கும். பிக்கப் ஒயர்களுக்கு ஈயம் வைக்கும் வேலையைப் பெரியவர்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கித்தார் செய்ய எல்லாராலும் முடியாதுதான். நீளமான காகிதப் பட்டை ஒன்று போதும். தசம எண் வகுத்தல் படிக்கும் மாணவர்களிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, பன்னிரண்டு கோடுகளையும் போடச் சொல்லுங்கள். பிறகு பட்டையை 578இல் வெட்டி இரண்டாக மடிக்கட்டும். மடிப்பு பன்னிரண்டாவது கோட்டில் விழாவிட்டால், எந்தக் கோட்டில் பிழை தொடங்கியது என்று அவர்களே தேடட்டும்.