பெயரிலாச் சார்பும் அகரநிரலும்

சொல்லடைவு தொகுப்பார்க்கு அகரநிரலே உயிர். ஒரு சொல் தன்னிடத்தில் இல்லையெனின், தேடுவார் அது நூலிலேயே இல்லையெனக் கொள்வர். அவ்வழி ஒரு பொய்ம்முடிபு ஆய்வினுட் புகும். பைத்தான் என்னும் நிரல்மொழியின் துணைகொண்டு அடைவொன்று அமைக்கப் புகுந்த யாம், 'மலை'க்கு முன்னர் 'மனை'யும், 'கல்வி'க்கு முன்னர்க் 'கல'மும் நிற்கக் கண்டோம். அம்மொழி சொற்களை யூனிக்கோடு எண்வரிசைப்படி ஒப்பிடுவதே இதற்குக் காரணம். அவ்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கும். புள்ளியோ மெய்கள் யாவற்றிற்கும் பின்னது.

இதனைத் திருத்த உதவுவது பெயரிலாச் சார்பு. சார்பாவது, ஒன்றை ஏற்று, அதன்மேல் வினை நிகழ்த்தி, பயனைத் திருப்பித் தரும் நிரற்பகுதி. 1991-இல் வெளிவந்த பைத்தான் பொருள்நோக்கு மொழி. அதன்கண் எண்ணும் சொல்லும் போலச் சார்பும் ஒரு பொருளே. ஆதலின் ஒரு சார்பினை மற்றொன்றனிடம் ஒப்படைத்தல் இயலும். ஓரிடத்தே மட்டும் பயன்படும் சிறு சார்பிற்குப் பெயர் வேண்டா. 'லாம்டா' என்னும் குறிச்சொல்லை முன்னிட்டு ஆண்டே எழுதலாம். அலோன்சோ சர்ச்சு என்னும் அமெரிக்க அளவையியலறிஞர் 1930-களில் வகுத்த கணிதமுறையினின்று வந்த கிரேக்க எழுத்தின் பெயர் அது. இச்சார்பினை அன்மொழித்தொகையோடு ஒப்பிடத் தோன்றும், பொருந்தாது. தொகையில் குறிக்கப்படும் பொருள் மறைந்து நிற்கும். ஈண்டு வினை முழுதும் வெளிப்பட்டு நிற்கப் பெயரொன்றே இல்லை.

அடைவிற்கு வருவோம். சொல்லை எழுத்தெழுத்தாகப் பகுக்கும் சார்பினைப் பெயரிட்டே எழுதினோம். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து; கணிப்பொறிக்கோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. அடுத்து, எழுத்துகட்கு மரபுவரிசையெண் தரும் அட்டவணை ஒன்று. இவ்விரண்டும் அமைந்தபின் வரிசைப்படுத்தும் கட்டளைக்கு ஒரே வரியில் ஒரு பெயரிலாச் சார்பினை அளித்தோம்: சொல்லைப் பெறுக, அதன் எழுத்துகளின் வரிசையெண்களைப் பட்டியலாகத் தருக. கட்டளை ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை அதனிடம் விடுத்து, வந்த பட்டியல்களை ஒப்பிட்டுச் சொற்களை நிறுத்தும். 'மலை' முன்வந்தது.

பைத்தானின் பெயரிலாச் சார்பு ஒரே கோவையளவினது. அதனுள் மடக்குக் கட்டளைக்கு இடமில்லை. இதனைக் குறையெனக் கூறுதலும் உண்டு. யாம் நலமென்றே கொள்வோம். நீள்வது எதுவாயினும் பெயர் பெறுதலே தகும்.

இடரொன்று உளது. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் தெரிய, மடக்கினுள் மூன்று பெயரிலாச் சார்புகளை ஆக்கினோம். மடக்கு முடிந்தபின் அழைத்தபோது மூன்றும் உகரச் சொற்களையே தந்தன. சார்பு மாறியின் பெயரைப் பற்றுமேயன்றி, அவ்வேளை அதிலிருந்த மதிப்பைப் பற்றாது. மதிப்பு அழைக்கும்பொழுதே நோக்கப்படும். அவ்வெழுத்தினைச் சார்பின் ஏற்புருவிற்கு இயல்புமதிப்பாக எழுதியபின், ஆக்கும்பொழுதே மதிப்பு நிலைபெற்றது. மூன்று பட்டியலும் வேறுவேறாக வந்தன.