ஏற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்

பள்ளிக்கூடங்களில் முழுப் பரீட்சை முடிந்ததும் நம் வட்டாரத்து வீடுகளில் வேன் அமர்த்தும் பேச்சு எழுந்துவிடும். நள்ளிரவில் புறப்பட்டு, பொழுது விடிகையில் மலையேறி, ஒரே பகலில் எட்டு இடங்களைக் கண்டு, மறுநாள் அதிகாலையில் வீடு திரும்புவதையே சுற்றுலா என வழக்கப்படுத்திக் கொண்டிருக்கிறோம். இதில் இளைப்பாறியவர் யார் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வீட்டுப் பெண்கள் முதல் நாள் அஸருக்கே அடுப்படியில் நுழைகிறார்கள். பிரியாணிச் சட்டியையும் புளிச்சோற்றுப் பொட்டலங்களையும் கட்டி முடித்து, கண்ணயராமலேயே வண்டியேறுகிறார்கள். மலைமேல் மற்றவர்கள் காட்சி காணும் நேரத்தில் இவர்கள் தட்டுக் கழுவத் தண்ணீர் தேடுகிறார்கள். சமையலறைக்குச் சக்கரம் பூட்டி மலையேற்றியதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர்!

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்னும் கருத்தமைந்த நபிமொழியை எடுத்துக்காட்டி, இத்தகைய பயணங்களே வேண்டாம் என்போரும் உளர். அந்த நபிமொழி உணவும் உறக்கமும் கெடுவதைச் சுட்டி, காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்பச் சொல்கிறது. குடும்பத்தையே உடன் அழைத்துக்கொண்டு, உணவும் உறக்கமும் கெடாமல் செல்வோருக்கு அதனால் தடையேதும் இல்லை என்பது என் எண்ணம். ஒரு பயணத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்று நாயகியார் முந்தினார்கள். பின்னொரு முறை அண்ணலார் முந்தினார்கள். ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி இது. மனைவியரைப் பொதி காக்க உட்கார வைத்துவிட்டுப் படகேறும் நம் ஆண்மக்கள் இதனைச் சற்றே நினைவில் கொள்ளலாம்.

“நம் கெலமங்கலமே குளிர்ந்த பூமியாயிற்றே, மலை எதற்கு?” என்று கேட்பீர்கள். குளிர்ச்சி இருக்கிறது, ஓய்வுதான் இல்லை. ஓசூர் சிப்காட்டிலும், அண்மைக் காலத்தில் நம் பகுதியிலேயே எழுந்துள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரோடு ஒருவேளை சேர்ந்து உண்பதே அரிதாகிவிட்டது.

ஆகவே ஏற்காட்டைச் சொல்கிறேன். உதகை ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சலிவன் காலத்தில் உருவாக்கப்பட்டது. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி அமைத்தது. ஏற்காட்டு ஏரியோ இயற்கையாய் அமைந்தது. ஏரியும் காடும் சேர்ந்தே ஊரின் பெயராயிற்று என்பர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நெரிசல் காரணமாக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டதை அறிவீர்கள். சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு, நமக்கு அவ்விரண்டையும்விட அருகில் இருக்கிறது.

வேனை மறந்துவிடுங்கள். ஓசூர் - தருமபுரி - சேலம் இருப்புப்பாதை நம் ஊர் வழியாகவே செல்கிறது. கெலமங்கலத்தில் நிற்கும் வண்டிகள் சிலவே. நேரத்தை முன்கூட்டியே நிலையத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறும். தலைசுற்றல் உள்ளோர் வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறலாகாது.

மே மாதத்தில் கோடை விழாக் கூட்டம் நெரியும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் ஆகாது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், நம் மாவட்டத்து ஊத்தங்கரையை வெள்ளத்தில் ஆழ்த்திய ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. காலாண்டுத் தேர்வு விடுமுறை ஏற்ற வேளை. அப்போதும் புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டுக் கொள்வது நலம்.

முதல் நாள் எதையும் பார்க்க வேண்டாம். ஏரிக்கு அருகில் அறையெடுத்து, மாலையில் கரையோரம் உலவுங்கள், போதும். மறுநாள் பஜ்ரு தொழுதபின் ஏரிமேல் பனிமூட்டம் கலைவதைக் குழந்தைகள் காணட்டும். அன்றைய பகலுக்கு ஓரிடம்: 1963இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் அமைத்த ஆர்க்கிட் பூங்கா. பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியைப் பிள்ளைகள் அங்கே விட்டு வரமாட்டார்கள். மாலையில் சீமாட்டி இருக்கை எனப்படும் முனையிலிருந்து சேலத்து விளக்குகளைப் பார்க்கலாம். கிள்ளியூர் அருவிக்குப் படிகள் பல. முழங்கால் வலியுள்ள பாட்டிமாரை வற்புறுத்தி இறக்காதீர்கள்.

வழியெங்கும் காப்பித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். ஆயினும் அதன் முன்கதை நம்முடையது. ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்கப் பருகிய ‘கஹ்வா’வே காப்பியாயிற்று. ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது 17ஆம் நூற்றாண்டைப் பற்றிய மரபுவழிச் செய்தி. தோட்டத்தருகே நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மதரஸா வகுப்பில் நான் சொல்வதைவிட நன்றாக மனத்தில் பதியும்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். சுற்றுலாவில் தொழுகை தவறுவது பெரும்பாலும் சட்டம் அறியாமையால்தான். ஏற்காடு நூறு கிலோமீட்டரைக் கடந்த தொலைவாதலால் நீங்கள் முஸாபிர்கள். லுஹர், அஸர், இஷா ஆகியவற்றின் நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்கும். பஜ்ரும் மஃரிபும் சுருங்கா. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழவேண்டும். ஷாஃபி மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் அவ்வவ் வேளையிலேயே தொழவேண்டும். இரண்டு ரக்அத்துக்கு ஒரு விரிப்பும் ஒளுவுக்கு ஒரு போத்தல் நீரும் இருந்தால் எந்த மரநிழலும் போதும்.

உணவைக் கடையில் வாங்குங்கள். இறைச்சி ஹலாலா என்று ஐயம் எழுந்தால் சைவ உணவகம் இருக்கிறது. இரண்டு நாள் பிரியாணி இல்லாமல் எவரும் மெலிந்துவிடுவதில்லை. சேலத்திலிருந்து பகல் வண்டியில் திரும்பினால், இன்ஷா அல்லாஹ், தொப்பூர், முத்தம்பட்டிப் பக்கத்துக் காடுகளைச் சன்னலோரத்திலிருந்து காணலாம். வீடு சேர்ந்த மறுநாளுக்கும் விடுப்பு எழுதி வையுங்கள். இரவுச் சாப்பாட்டைச் சேலத்திலேயே கட்டி வாங்கிவிடுங்கள். அன்றிரவும் அடுப்பு மூட்ட வேண்டாம்.