சூப்பருக்கு எத்தனை சதவீதம்?

காவிரி டெல்டாவின் உரக்கடைகளில் ‘ரெண்டு மூட்டை சூப்பர்’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை. அது சூப்பர் பாஸ்பேட். கடைசி உழவில் அடியுரமாகப் போவது. மணிச்சத்து 16 சதவீதம், 50 கிலோ மூட்டைக்கு 8 கிலோ. அதே சொல் டீக்கு, புடவைக்கு, பேரன் வரைந்த படத்துக்கு, இறந்தவருக்கான இரங்கல் உரைக்குக்கூட வரும்போது அளவும் இல்லை, காரணமும் இல்லை. லத்தீனில் ‘மேலே’ என்று பொருள்பட்ட சொல் இது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில வணிகர்கள் ‘சூப்பர்ஃபைன்’ என்பதைச் சுருக்கி, உயர்ரகச் சரக்குக்கு அடையாளமாக வைத்தார்கள். கீழே வேறு ரகங்கள் இருந்ததால்தான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு. நாம் மற்ற ரகங்களையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரவல் சொல் என்பதற்காக இதை எதிர்க்கவில்லை. சபாஷும் பேஷும் பாரசீக வழி வந்தவை. காரைக்கால் அம்மையார் பாடிய 101 வெண்பாக்களுக்கு அற்புதத் திருவந்தாதி என்று பெயர், அற்புதமும் வடசொல்தான். ஆனால் கச்சேரியில் சபாஷ் விழுவதற்கு ஓர் இடம் உண்டு. கோர்வை பிசகாமல் வந்து சமத்தில் இறங்கும் அந்த நொடியில் விழும். எதற்காக விழுந்தது என்று மிருதங்கக்காரருக்குத் தெரியும். சூப்பர் எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக வருகிறது. சபாஷ் பெரியவர் சிறியவருக்குச் சொல்வது, சூப்பரை யாரும் யாருக்கும் சொல்லலாமே என்பார்கள். உண்மைதான், ‘நல்லாருக்கு’ என்பதையும் யாரும் யாருக்கும் சொல்லலாம்.

நன்றாக இருப்பதை இனம் பிரித்துச் சொல்லும் பேச்சு நம்மிடம் நிறையவே இருக்கிறது. சோறு பதமாக வெந்திருக்கிறது, குழம்பு சுண்டி வந்திருக்கிறது, கதிர் மணி பிடித்திருக்கிறது, மீனுக்குச் செவுள் சிவப்பாக இருக்கிறது, மாம்பழத்தில் நாரே இல்லை என்பவையெல்லாம் பாராட்டுகள், கூடவே தகவலும். ஆனி மாதத்தில் காரைக்காலே மாங்கனி வீசிக் கொண்டாடும் கதை எதில் திரும்புகிறது? காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்று அடியாருக்குப் போய்விட்டது. மற்றதை உண்டவன் இன்னொன்று கேட்க, மனைவி புனிதவதியார் இறையருளால் பெற்ற பழத்தைப் படைக்கிறார். இது முன்னே உண்ட பழமல்ல என்று அவன் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது. ‘எங்கே கிடைத்தது?’ என்று கேட்கிறான். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

என்னை உறுத்துவது பள்ளிக்கூட நோட்டு. பக்கத்தின் கீழே சிவப்பு மையில் ‘சூப்பர்’, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கையெழுத்துக்கா, கணக்கைப் போட்ட வழிக்கா, சொந்தமாக யோசித்ததற்கா என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. நாற்பது நோட்டு திருத்தும் ஆசிரியருக்கு நேரமில்லை என்ற சமாதானத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் ஏற்க முடியவில்லை. எதற்கென்று தெரியாத பாராட்டை வாங்கி வளரும் பிள்ளை, நாளை இன்னொருவர் வேலையில் எதைப் பார்த்து மெச்சும்? கடற்கரையைப் பற்றிய கட்டுரையில் ஒரு சிறுமி, படகை இழுக்கும்போது மணல் முனகியது என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு ‘இதை நன்றாகக் கேட்டிருக்கிறாய்’ என்று எழுத அரை நிமிடம் போதும். அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது அவள் காது திறந்திருக்கும்.